கோட்டை இல்லாத ஊர்

"தாத்தா, உங்கள் ஊரில் கோட்டை எங்கே இருக்கிறது?"

உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த என் தம்பியின் பேத்தி, வில்லியனூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துகொண்டு, வந்த மறுநாள் காலையிலேயே கேட்ட கேள்வி இது. அவளுக்கு வயது 12. பிறந்ததும் வளர்ந்ததும் அந்நாட்டின் தென்பகுதியில், தூலூஸ் நகரை அடுத்த ஒரு சிற்றூரில். தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கையால் தடவிப் பார்த்து எடுப்பதுபோல் நிதானமாகத்தான் பேசுவாள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிய நிலைமையன்று. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் நம் மண் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வழியே எத்தனையோ குடும்பங்களில் ஒரு கிளை அங்கும் ஒரு கிளை இங்குமாக வளரலாயிற்று. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

"கோட்டை பார்க்கவேண்டுமானால் செஞ்சிக்குத்தான் போகவேண்டும், கண்ணு" என்றேன்.

"அது செஞ்சியின் கோட்டை. உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்றாள் அவள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. எழுபது ஆண்டுகளாக நான் வாழ்ந்துவரும் ஊர் இது. ஆயினும், பிரான்சு நாட்டுக் கோட்டைகளைப் பற்றி நான் சொல்லக்கூடிய அளவுக்கு என் ஊரைப் பற்றிச் சொல்ல இயலுமா என்ற ஐயம் அந்த நொடியில் என் உள்ளத்தைத் தைத்தது.

அங்கே கண்டவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்பியின் குடும்பத்தார் அழைப்பின்பேரில் நான் அங்குச் சென்றிருந்தேன். ஒரு மாதம் அவர்கள் என்னை ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். முதலில் கண்டது கர்க்கசோன். குன்றின்மேல் இரட்டை மதில் சூழ, 52 கோபுரங்களோடு நிற்கும் அந்தக் கோட்டை நகரத்தைத் தொலைவிலிருந்து காணும்போது, பழங்கதைகளில் படித்த நகரமொன்று எதிரே எழுந்து நிற்பதாகவே தோன்றும். மதில்களின் நீளம் மட்டும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்.

ஆனால் என்னை வியப்பிலாழ்த்தியது அதன் பெருமையன்று. அது பிழைத்த கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த மதில்களை இடித்துவிட அரசே முடிவு செய்திருந்தது. உள்ளூர் வரலாற்றறிஞர் ஒருவரும் ஊர் மக்களும் எழுப்பிய குரலால் அம்முடிவு கைவிடப்பட்டது. பின்னர் 1853ஆம் ஆண்டு முதல் வியோலெ-லெ-தூக் என்னும் கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் கோட்டை சீர்செய்யப்பட்டது. இன்று உலகமே வந்து காண்கிறது. கல் தானாக நிற்பதில்லை. அதை நிற்கவைக்கும் மனிதர்கள் வேண்டும் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

சிறிய ஊர்களிலும் இந்த அக்கறையைக் கண்டேன். 1982ஆம் ஆண்டு அந்நாட்டில் மிக அழகிய சிற்றூர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மக்கள்தொகை 2,000-க்கு மேற்படாமலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டேனும் உடையனவாகவும் உள்ள ஊர்களே அதில் இடம் பெறலாம். கல் பாவிய தெருக்கள், சாளரந்தோறும் பூந்தொட்டிகள், நடுவே பழைய கோயில். எந்தச் சுவர் எந்த நூற்றாண்டைச் சேர்ந்ததென்று ஊர்ச் சிறுவனும் சொல்லுகிறான்.

இருப்பினும் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் சென்ற சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் வாரந்தோறும் திருப்பலி இல்லை. ஒரே பங்குத்தந்தை பல ஊர்களைக் கவனித்துக்கொள்கிறார். கல்லைக் காத்த கைகள் மெழுகுவர்த்தியை ஏற்ற வருவது குறைந்துவிட்டது. அழகாகத் துடைத்து வைக்கப்பட்ட அந்த வெற்று இருக்கைகளினிடையே முழந்தாளிட்டபோது என் மனம் கனத்தது.

லூர்து நகரின் மலைக்கோட்டை

இறுதியாக லூர்து நகர் சென்றோம். அன்னையின் குகையை மட்டுமே எண்ணிச் சென்ற எனக்கு, அந்நகரிலும் ஒரு கோட்டை உண்டென்பது அதுவரை தெரியாது. நகரின் நடுவே செங்குத்தான பாறைமேல் அது நிற்கிறது. சார்லமேன் பேரரசர் அதை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்த தலைவன் பேரரசருக்குப் பணிய மறுத்து, தேவ அன்னைக்கே பணிவேன் என்று கூறிச் சரணடைந்தான் என்பது அங்கு வழங்கும் பழங்கதை. பிற்காலத்தில் அது சிறைச்சாலையாயிற்று. 1921ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அன்னை மரி லூர்து நகரைத் தேடி வந்தபோது, அந்தக் கோட்டையின் உச்சியில் தோன்றவில்லை. ஆற்றோரத்து மசபியேல் குகையில், விறகு பொறுக்க வந்த 14 வயது பெர்னதெத்துக்குக் காட்சி தந்தார். அச்சிறுமியின் தந்தை நொடித்துப்போன மாவு ஆலைக்காரர். குடும்பம் தங்கியிருந்ததோ, கைதிகளுக்கே உதவாதென்று கைவிடப்பட்ட ஒரு பழைய சிறையறை. இன்று கோட்டைக்குச் செல்வோர் சிலர். குகைக்குச் செல்வோர் கணக்கற்றவர்.

பேத்தியின் கேள்விக்கு விடை தேடியபோது இக்காட்சிதான் என் நினைவில் எழுந்தது. "வா, நம் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்" என்று அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வில்லியனூரின் இரு குளங்கள்

புதுச்சேரிக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், சங்கராபரணி ஆற்றின் அருகே அமைந்தது வில்லியனூர். முதலில் எங்கள் தூய லூர்து அன்னை திருத்தலத்துக்குச் சென்றோம். லூர்து நகரில் அன்னை காட்சி தந்து இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்பே, 1877ஆம் ஆண்டில், பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த அன்னையின் சுரூபம் இங்கு நிலைபெற்றது. உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த சனிக்கிழமை கொடியேற்றத்தோடு திருவிழா தொடங்கும். நாங்கள் சென்ற நாளில் பந்தற்கால்கள் நடப்பட்டுக்கொண்டிருந்தன.

கோயிலின் எதிரே குளம். குளத்தின் நடுவே அன்னை. பேத்தி அதைக் கண்டு நின்றுவிட்டாள். "லூர்து நகரில் இப்படி இல்லையே!" என்றாள். உண்மைதான். அங்கே ஆறு, இங்கே படிக்கட்டுகளோடு கூடிய தமிழ்நாட்டுத் திருக்குளம். அந்நாட்டு அன்னை இந்நாட்டுக்கு வந்தபோது, நம் முன்னோர் தமக்குத் தெரிந்த முறையில் தண்ணீர் அமைத்து வரவேற்றிருக்கிறார்கள். அந்நீரைக் கண்களில் ஒற்றிக்கொள்வோருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

அங்கிருந்து திருக்காமீசுவரர் கோயிலை அடைந்தோம். கோகிலாம்பிகை உடனுறையும் இக்கோயிலின் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநரே வந்து வடம் பிடிப்பது அக்கால வழக்கம். ஆட்சி மாறியும் வழக்கம் மாறவில்லை. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கின்றனர். இக்கோயிலுக்கும் குளம் உண்டு. சற்று நடந்தால் சுல்தான்பேட்டை. அங்கே பள்ளிவாசலின் தொழுகை ஒலி. கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒரே காற்றில் கலக்கும் ஊர் இது.

"இங்கே கோட்டை இருந்ததேயில்லையா?" என்று அவள் மீண்டும் கேட்டாள்.

இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. அவர்கள் வில்லியனூரில் கோட்டை அமைத்துப் படை வைத்திருந்தார்கள். 1760ஆம் ஆண்டில், புதுச்சேரியை முற்றுகையிட வந்த ஆங்கிலத் தளபதி கூட் அதைக் கைப்பற்றினார். மறு ஆண்டு சனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. நகரமும் அதன் பெருங்கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டன. அதற்கும் முன்பே, 1748ஆம் ஆண்டு முற்றுகையின்போது, அரியாங்குப்பத்துக் கோட்டை வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததனால் கைவிடப்பட்டது. ஆக, நம் கோட்டைகளுள் ஒன்றேனும் அவற்றைக் கட்டியவர்களைக் காக்கவில்லை. குளங்களோ இன்றும் நீரோடு இருக்கின்றன.

கீழூரில் ஒரு நிமிடம்

பாகூர் செல்லும் முன் கீழூரில் இறங்கினோம். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் இது. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா இல்லையா என்று வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள்; எதிராக 8. அடுத்த நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது.

"சண்டை நடக்கவில்லையா?" என்றாள் பேத்தி. போராட்டமும் துன்பமும் அதற்குமுன் நிறைய இருந்தன என்று விளக்கினேன். ஆனால் முடிவு, பீரங்கியால் அன்றி, வாக்குச் சீட்டால் வந்தது. நினைவுச் சின்னத்தின் முன் அவள் சிறிது நேரம் அமைதியாக நின்றாள். அவளுடைய குடும்பம் இரண்டு நாடுகளுக்குரியதாக ஆன கதை இந்தச் சிற்றூரில்தான் ஒரு திருப்பம் கண்டது என்பது அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும்.

பாகூரின் செல்வம்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று போற்றப்படும் பாகூரை நாங்கள் அடைந்தபோது நண்பகல். மூலநாதர் கோயிலின் கல் தளத்தில் வெயில் சுட்டது. சோழர் காலத்துக் கற்றளி. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சுவரின் அடிப்பகுதியெங்கும் எழுத்துகள். சோழர் கல்வெட்டுகளோடு, வடக்கிலிருந்து வந்து தொண்டை மண்டலத்தை வென்ற இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரைத் தாங்கிய கல்வெட்டுகளும் இங்கு உண்டு.

"படியுங்கள் தாத்தா" என்றாள்.

நான் குனிந்தேன். ஒரு ககரம், ஒரு மகரம், ஓர் ரகரம் அடையாளம் தெரிந்தன. மற்றவை என்னை ஏறிட்டுப் பார்த்தன. நான் அவற்றை அறியேன். என் தாய்மொழிதான், என் பாட்டன் பாட்டிமார் பேசிய மொழிதான். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த வரிவடிவம் எனக்குப் பிடிபடவில்லை. கர்க்கசோன் மதிலின் ஒவ்வொரு கோபுரத்துக்கும் விளக்கக் குறிப்பைப் பொறுமையாகக் கேட்டு வந்த நான், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள இந்தச் சுவரைப் படிக்க ஒருநாளும் முயன்றதில்லை. வெட்கத்தால் என் முகம் தாழ்ந்தது.

அறிஞர்கள் படித்துச் சொன்னதை மட்டும் அவளுக்குச் சொன்னேன். 1879ஆம் ஆண்டில் பாகூரில் செப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டன. மொத்தம் ஐந்து ஏடுகள். 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், மூன்று ஊர்களின் வருவாய் பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு வழங்கப்பட்டதை அவை அறிவிக்கின்றன. நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளால் அளிக்கப்பட்ட கொடை அது. பாகூருக்கு மட்டும் உரிய பெருமையுமன்று. விழுப்புரம் சாலையிலுள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டளவில் இயங்கிய கல்லூரியில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அக்கல்வி அன்று எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஆயினும், மன்னர் தம் செல்வத்தை மதிலுக்கு மட்டும் கொட்டாமல் கல்விக்கும் ஒதுக்கினார்கள் என்பது சிறிய செய்தியன்று.

கோயிலிலிருந்து ஏரிக்கரைக்குச் சென்றோம். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இதுவே. பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே இங்கு வந்து சேர்கிறது. கோயிலில் ஆடல் பணி செய்துவந்த பங்காரி, சிங்காரி என்னும் இரு பெண்கள் தம் பொருளைக் கொண்டு நீர்வழி அமைத்தார்கள் என்று ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். மன்னர்களின் பெயர்களைக் கல் காத்தது. இவ்விரு பெண்களின் பெயர்களை உழவர்களின் நா காத்தது.

இதே பாகூரில்தான் 1752ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஆங்கிலத் தளபதி லாரன்சும் பிரெஞ்சுத் தளபதி கெர்ழானும் மோதினார்கள். பிரெஞ்சுப் படை தோற்றது, கெர்ழான் சிறைப்பட்டார். வயல்களில் வீழ்ந்த நம் சிப்பாய்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? போருக்கு முன்னும் பின்னும் ஏரி தன் மதகு வழியே வயல்களுக்கு நீர் விட்டுக்கொண்டுதான் இருந்தது.

கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். பேத்தி கால்களை நீட்டிக்கொண்டு, "தாத்தா, இதுதான் உங்கள் கோட்டையா?" என்று ஏரியைக் காட்டினாள். நான் இல்லையென்று சொல்லவில்லை.

பதிவேட்டின் ஒரு வரி

மாலையில் வில்லியனூர் திரும்பியதும், முன்பே கேட்டு வைத்திருந்தபடி பங்கு அலுவலகத்துக்குச் சென்றோம். "சாமி, எங்கள் பாட்டனாருடைய திருமுழுக்குப் பதிவை இவளுக்குக் காட்டவேண்டும்" என்றேன். பங்குத்தந்தை நிலைப்பேழையிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து மேசைமேல் மெல்ல விரித்தார். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. தாள் பழுப்பேறி, மையும் மங்கியிருந்தது. எழுதியவர் பிரெஞ்சு மறைபரப்பாளர், மொழியோ இலத்தீன்.

காலையில் கல்லின்முன் நான் நின்றதுபோலவே இப்போதும் நின்றேன். எனக்கு இலத்தீன் தெரியாது. ஆனால் அவள் விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள். பிரெஞ்சோடு உறவுடைய மொழியாதலால் சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்தாள். "பிறந்தார்... திருமுழுக்குப் பெற்றார்..." அடுத்து என் பாட்டனாரின் பெயரைத் தமிழர்போல் அல்லாமல் பிரெஞ்சு ஒலியோடு உச்சரித்தாள். அவருடைய தாயின் பெயரையும் படித்தாள். அடுத்து ஓர் ஊர்ப்பெயர் இருந்தது, எழுத்துக்கூட்டி வாசித்தாள். பாகூர்.

எங்கள் கொள்ளுப்பாட்டி பாகூர்ப் பெண் என்பது அதுவரை எனக்கே தெரியாது! அன்று நாங்கள் உண்ட கரையின் நீரை அவளும் சிறுவயதில் குடித்திருப்பாள்.

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியென்றால் அது என் ஏரியும்கூட" என்றாள்.

பங்குத்தந்தை சிரித்தார். எனக்குப் பேச்சு எழவில்லை.

வாசக அன்பர்களுக்கு

அந்த நாளுக்குப் பின் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பிரெஞ்சு நாட்டு மக்கள் தம் கற்களைக் காத்தார்கள். அவர்களுடைய கோயில்களில் மன்றாடுவோர் குறைந்துவிட்டனர். நம் கோயில்களில் மன்றாடுவோர் நிறைந்திருக்கின்றனர்; ஆனால் நம் கற்களும் ஏடுகளும் படிப்பாரின்றிக் கிடக்கின்றன. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவேண்டியது உண்டு. அந்தச் சிறுமியால் படிக்க முடியாதது கல்வெட்டு. என்னால் படிக்க முடியாததோ கல்வெட்டும் பதிவேடும். இருவரும் அருகருகே அமர்ந்ததால் ஒரு வரியேனும் விளங்கிற்று.

உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும். ஒரு பழைய கல் இருக்கும். கோயில் அலுவலகத்தில் பூச்சி அரிக்கும் ஒரு பதிவேடு இருக்கும். வாய்க்கால் வெட்டியவர் இன்னார் என்று சொல்லும் மூதாட்டி ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். பங்கு இளைஞர்கள் பழைய பதிவேடுகளைப் பங்குத்தந்தையின் ஒப்புதலோடு படமெடுத்து வைக்கட்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை. சில ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போதும்.

பேத்தி பிரான்சுக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது அப்பதிவேட்டு வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அதன்கீழே தமிழில் 'பாகூர்' என்று எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். நானோ, இந்த வயதில், பழைய தமிழ் எழுத்துகளைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். அடுத்த உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அவள் வரும்போது, மூலநாதர் கோயில் சுவரில் ஒரு வரியையாவது அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும். அதற்கு அன்னை அருள்புரிவாளாக.